பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தரும் கருவி: திரையில் எதைக் காட்டலாம்?

மரப்பாச்சி

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் நான்கு, ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் ஒரு பாட்டு டீச்சர் இசை சொல்லித்தருகிறார். நான் மென்பொருள் வேலையில் இருப்பவன், அவருக்கு ஒத்தாசையாகப் போகிறேன். வகுப்பில் இருப்பது ஒரு பெரிய திரை, டீச்சரின் போன், ஒரு ஸ்பீக்கர். இதை வைத்துக்கொண்டு உலாவியிலேயே ஓடும் ஒரு கருவி செய்து தர முடியுமா என்று கேட்டார். செய்ய ஆசைதான். எப்படிச் செய்வது என்பதில் உங்கள் யோசனை வேண்டும்.

இதுவரை வகுப்பில் போட்டுக் காட்டியது கூகுளின் குரோம் மியூசிக் லேப். 2016-இல் வந்தது. கணக்குத் தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம், தொட்டால் சத்தம் வரும். அதில் சாங் மேக்கர் என்ற பகுதியைப் பிள்ளைகள் விட மாட்டேன் என்கிறார்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி ஒரு திரை. மேலே போகப் போகச் சுருதி ஏறும், வலப்பக்கம் போகப் போக நேரம் ஓடும், ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நிறம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகூடச் சீக்கிரமே ஒரு மெட்டுப் போட்டுவிடுகிறது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில். அங்கே கிடைப்பது மூன்று ஸ்கேல் (சுர வரிசை): மேஜர், பென்டடானிக், குரோமாட்டிக். முதலாவது நம் சங்கராபரண ராகத்தின் சுரங்கள், இரண்டாவது மோகன ராகம். அதுவரை சரி. டீச்சர் மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பப் பாடமான சரளி வரிசை தொடங்கும்போது குரோமாட்டிக்கை எடுத்து, ஸ்தாயிக்கு (ச முதல் மேல் ச வரை) பன்னிரண்டு வரிசை இருக்கும் திரையில் தேவையானதைத் தேடித் தேடித் தொட வேண்டியிருக்கிறது. பாதி வகுப்பு அங்கேயே கழன்றுகொள்கிறது. தாளத்துக்கும் இதே கதை. கட்டங்கள் நேர்கோட்டில் ஓடுகின்றன, ஆனால் எட்டு எண்ணிக்கை கொண்ட ஆதி தாளத்தில் இப்போது முதல் நான்கான லகுவில் இருக்கிறோமா, அடுத்து இரண்டிரண்டாக வரும் துருதத்துக்கு வந்துவிட்டோமா என்று திரையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அதனால் புதிதாகவே ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். சுரங்களைப் படிக்கட்டாகக் காட்டுவதா, கோடாகக் காட்டுவதா? தாளத்துக்கு வட்டமா, நேர்கோடா? பிள்ளைகள் பாடும்போது திரையில் ஏதாவது ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமா?

ஐந்துகட்டை

தம்பி, பள்ளியில் பாட்டு வகுப்பு எடுப்பவள் நான். படிக்கட்டைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஏழு படியையும் சம உயரத்தில் வரைந்து ச ரி க ம ப த நி என்று எழுதுவார்கள். தயவுசெய்து அந்தப் படத்தைச் செய்யாதீர்கள். மாயாமாளவகௌளையில் ச-வுக்கும் சுத்த ரிஷபத்துக்கும் (ரி) நடுவே ஒரே ஒரு சுரஸ்தானத் தூரம்தான், அதாவது ஸ்தாயியின் பன்னிரண்டு படிகளில் ஒன்று. அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்கு (க) மூன்று. பிறகு மத்தியமத்துக்கு ஒன்று, பஞ்சமத்துக்கு இரண்டு, சுத்த தைவதத்துக்கு ஒன்று, காகலி நிஷாதத்துக்கு மூன்று, மேல் ச-வுக்கு ஒன்று. 1, 3, 1, 2, 1, 3, 1. சமமான படியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பாடும் பிள்ளை ரிஷபத்தை உயர்த்தித்தான் பாடும். அது பார்த்தபடி சரியாகத்தானே பாடுகிறது, படம் அப்படிச் சொல்லும்போது! நாம் "ரி ஏறிப்போச்சு" என்று திருத்திக்கொண்டே இருப்போம்.

உண்மையான இடைவெளியில் வரைந்து காட்டுங்கள். ஏணி என்றால் இரண்டு கம்பி நெருங்கியும் அடுத்தது தள்ளியும் இருக்கட்டும். அப்படி வரைந்தால் ஒரு பரிசு கிடைக்கும்: ச-விலிருந்து ம வரை உள்ள அமைப்பு அப்படியே ப-விலிருந்து மேல் ச வரை திரும்ப வருகிறது. நடுவில் ம-ப இடைவெளி. நான் கரும்பலகையில் இப்படி வரைந்தபோது "மேலேயும் கீழேயும் ஒண்ணுபோலவே இருக்கு மிஸ்" என்று பிள்ளைகளே சொன்னார்கள். அந்த ராகத்தை ஏன் ஆரம்பப் பாடத்துக்கு எடுத்தார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. புரந்தரதாசர் வகுத்த முறை என்று பரம்பரையாகச் சொல்வோம். கீழ்ப்பாதியைப் பிடித்துவிட்டால் மேல்பாதி ஏற்கெனவே பாதி வந்துவிட்டது.

இன்னொன்று. ச நகர வேண்டும். பியானோ விசையில் ஒட்டவைத்த ச வேண்டாம். எங்கள் வகுப்பில் ஐந்து கட்டையிலிருந்து ஆறு கட்டை வரை (கட்டை என்பது ச-வை வைக்கும் சுருதி உயரம்) மாற்றி மாற்றி வைத்துத்தான் பாடவைக்கிறேன். சளி பிடித்த நாளில் இறக்குவேன். திரையில் ஏணி அப்படியே இருக்க, சுருதி மட்டும் மாறும்படி ஒரு பொத்தான் போதும்.

கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவதைப் பற்றிக் கேட்பீர்கள். சரளி வரிசையில் அதைக் காட்ட வேண்டாம். ஆனால் சுரத்தை மூடிய பெட்டியாகவும் வரையாதீர்கள், நாளைக்குத் தோடி ராகத்தில் காந்தாரம் அசையும்போது அந்தப் பெட்டி இடிக்கும். கம்பியும் அதன்மேல் ஒரு புள்ளியும் போதும். புள்ளி பிற்பாடு அசையலாம்.

தகதிமி

தாளத்துக்கு வட்டம். சந்தேகமே வேண்டாம்.

மிருதங்கம் சொல்லித்தருகிறேன், தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்கி. பிள்ளைகளிடம் எப்போதும் பார்ப்பது: முதல் காலத்தில் அழகாகத் தாளம் போடும் பிள்ளை, இரண்டாம் காலம் என்றதும் கையையும் சேர்த்து வேகமாக்கும். கை அதே நடையில் இருக்க, அதற்குள் வாய் இரட்டிக்க வேண்டும் என்பதுதான் பாடமே. நேர்கோட்டில் ஓடும் திரையில் இரண்டாம் காலம் வந்தால் என்ன ஆகும்? எல்லாம் வேகமாக ஓடும். பிள்ளை செய்யும் அதே பிழையைத் திரையும் செய்து காட்டும்.

வட்டத்தில் எட்டு இடம் நிலையாக இருக்கும், முள் அதே வேகத்தில் சுற்றும். முதல் காலத்தில் ஒரு இடத்துக்கு ஒரு புள்ளி, இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வட்டம் மாறவில்லை, உள்ளே நெருக்கம் கூடுகிறது. அதைக் கண்ணால் ஒருமுறை பார்த்த பிள்ளைக்குக் கை தானாக நிதானப்படும். ஆவர்த்தம் என்பதே சுற்றி வருவதுதானே, சமத்துக்கு, அதாவது தொடங்கிய இடத்துக்குத் திரும்புவதை வட்டம்தான் காட்டும்.

எட்டு இடத்தையும் ஒரே மாதிரி வரையாதீர்கள். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. முதல் நான்கும் ஒரு வில், அடுத்த இரண்டு ஒரு வில், கடைசி இரண்டு ஒரு வில். கைப்படம் போட்டால் பிள்ளை தன் கையைக் குனிந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படிப் போடுங்கள். எதிரே நிற்கிறவர் கையைப் போட்டால் குழம்பும்.

கருக்குமட்டை

வேறு மாதிரி சொல்ல வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும். நான் பறை சொல்லித்தருகிறேன். திடலில், மாலை நேரத்தில், பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். அடி முதலில் வாயில் வரும், பிறகு காலில் இறங்கும், கடைசியில்தான் குச்சி. அடுத்தவனின் தோளைப் பார்த்து அடவு எடுக்கிறான். பின்னால் நிற்கிறவன் சத்தத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்கிறான். இதில் திரைக்கு என்ன வேலை?

திரை வந்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே திசையில் பார்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்ப்பதில்லை. அடுத்து ஒளிரப்போவது எது என்று கண் முந்திக்கொள்கிறது, காது சும்மா இருக்கிறது. ஒளிரும் கட்டத்தைத் தொட்டுத் தொட்டுச் சரியாக வாசித்த பிள்ளையிடம் திரையை அணைத்துவிட்டு அதையே கைதட்டச் சொல்லிப் பாருங்கள். பலருக்கு வராது. அவர்கள் கற்றது விளக்கைத் துரத்துவது, தாளத்தை அல்ல.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்லது செய்ய நினைக்கிறீர்கள், அது புரிகிறது. அதனால்தான் இதை முதலிலேயே சொல்கிறேன்.

பனைநிழல்

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாடசாலைகளில் ஆறாம் தரத்திலிருந்து சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் ஆகியவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் பாடமாகவே எடுக்க வேண்டும். ஆகவே பாட ஆசையில்லாத பிள்ளைகளும் என் வகுப்பில் இருப்பார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கருக்குமட்டை சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படம் வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. படம் எப்போது வருகிறது, யார் கீறுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

அமெரிக்காவில் எம்ஐடியில் இருந்த ஜீன் பாம்பர்கர் என்ற ஆய்வாளர் பிள்ளைகளிடம் ஒரு கைதட்டலைக் கேட்கச் செய்து, பிறகு அதை மறக்காமல் இருக்கத் தாளில் கீறச் சொன்னார். இரண்டு விதமான படங்கள் வந்தன. சில பிள்ளைகள் சேர்ந்து ஒலிப்பவற்றைச் சேர்த்துக் கீறினார்கள், ஒரு அசைவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இடைவெளி விட்டார்கள். மற்றவர்கள் ஒவ்வொரு தட்டும் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை அளந்து கீறினார்கள். அவர் இரண்டையும் பிழை என்று சொல்லவில்லை. முதலாவது கையின் உணர்வு, இரண்டாவது கடிகாரத்தின் அளவு. இசைக்கு இரண்டும் தேவை. நாம் செய்யும் கருவிகள் அநேகமாக எல்லாமே இரண்டாவதை மட்டும்தான் காட்டுகின்றன. சமமான கட்டம், சமமான புள்ளி. முதல் விதமாகக் கேட்கும் பிள்ளைக்கு அந்தத் திரையில் இடமே இல்லை.

என் வகுப்பில் பாட்டு முதலில். பிறகு வெண்கட்டியைக் கொடுத்து நிலத்தில் கீறச் சொல்வேன். பிள்ளைகள் கீறியதைப் பார்த்து வேறொரு பிள்ளை பாட வேண்டும். பாட முடியாவிட்டால் கீறியவரே திருத்துவார். "இங்கே இழுத்துப் பாட வேணும், நான் அதைக் காட்டேல்லை" என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்கும் பிறகுதான் நாங்கள் எழுதும் முறையைக் காட்டுவது. அப்போது அது கெதியாக விளங்கும், ஏனென்றால் அது எதற்காக இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஐந்துகட்டை ரீச்சரின் 1, 3, 1, 2, 1, 3, 1 அருமை. அதை நிலத்திலும் செய்யலாம். சம இடைவெளியில் பதின்மூன்று கோடு கீறி, எட்டுப் பிள்ளைகளை உரிய கோட்டில் நிறுத்துங்கள். ரி-யாக நிற்கும் பிள்ளை ச-வின் தோளில் இடிபடும், க-வுக்குக் கை எட்டாது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி செய்தது இதுதானே! ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று சுரங்களின் பெயரையே இட்டு வட்டமாக நிறுத்துகிறாள். குரலுக்கு மாயவன், இளிக்கு வெள்ளை நிறத்துப் பலதேவன், துத்தத்துக்கு நப்பின்னை. சுரம் ஒவ்வொன்றும் ஒரு ஆள், ஒரு இடம், பக்கத்தில் யார் நிற்கிறார் என்ற உறவு. பன்னிரு இராசி வீடுகளில் சுரங்களை வைத்துக் காட்டும் வட்டப்பாலையும் அந்தக் காப்பியத்தின் உரைமரபில் உண்டு. அதைக் கணக்கிட்டு விளக்கியவர் எங்கள் காரைதீவுச் சுவாமி விபுலாநந்தர், 1947-இல் வந்த யாழ்நூலில். கண்ணால் இசை சொல்லித்தருவது நமக்குப் புதிதல்ல.

மரப்பாச்சி

ரொம்ப நன்றி. இதைப் படித்த பிறகு திட்டம் மாறுகிறது. ஒரே திரையில் எல்லாம் ஓடுவதற்குப் பதில் மூன்று நிலை வைக்கலாமா?

முதலில் வெறும் திரை, சத்தம் மட்டும். அடுத்தது பிள்ளைகள் விரலால் கீறும் திரை. கீறியதைக் கருவி அப்படியே ஒலிக்கும், மேலே போனால் சுருதி ஏறும், இடைவெளி விட்டால் மௌனம். இசையமைப்பாளர் செனாகிஸ் 1977-இல் பாரிசில் யூபிக் என்று ஒரு இயந்திரம் செய்தார், பெரிய பலகையில் மின்பேனாவால் கோடு வரைந்தால் கணினி அதை ஒலியாக்கும், பிள்ளைகளும் அதில் வரைந்து பார்த்தார்கள். அன்றைக்கு அதற்கு ஒரு அறை நிறைய இயந்திரம் வேண்டியிருந்தது. இன்றைக்கு டீச்சரின் போன் போதும். மூன்றாவது நிலையில்தான் ஏணியும் வட்டமும் வரும். அதிலும் ஒவ்வொரு ஆவர்த்தத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, கடைசியில் மறைந்துவிடும். பிள்ளைகள் நிற்காமல் பாடிக்கொண்டிருக்க வேண்டும்.

கருக்குமட்டை அண்ணா, விளக்கைத் துரத்துவது பற்றி நீங்கள் சொன்னதற்கு இந்த மங்குதல் பதிலாகுமா?

கருக்குமட்டை

மங்குவது நல்லது. அதைவிட நல்லது, முதல் சுற்று முழுக்க ஒளி சத்தத்துக்குக் கொஞ்சம் பின்னால் வரட்டும். கேட்ட பிறகு பார்க்கட்டும். முன்னால் ஒளிர்ந்தால் அது உத்தரவு, பின்னால் ஒளிர்ந்தால் "நீ கேட்டது இதுதான்" என்ற பதில்.

மின்னலை

ஒலி சார்ந்த நிரல் எழுதுகிறேன், தொழில்நுட்பப் பக்கம் கொஞ்சம். இவற்றைக் கவனிக்காவிட்டால் மேலே பேசிய எல்லாம் வீணாகும்.

முதலில் ஸ்பீக்கர். அது புளூடூத்தா? புளூடூத்தில் சத்தம் சாதாரணமாகவே 100 முதல் 200 மில்லி வினாடி வரை தாமதமாகும், மலிவான ஸ்பீக்கரில் இன்னும் கூடும். அட்சரத்துக்கு (தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு) ஒரு வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் காலத்தில் ஒரு சுரத்துக்குக் கிடைப்பது 250 மில்லி வினாடி. ஸ்பீக்கர் 200 மில்லி வினாடி பிந்தினால் திரையும் சத்தமும் ஏறக்குறைய ஒரு சுரம் விலகி நிற்கும். பிள்ளைகள் எதைப் பின்பற்றுவார்கள்? ஒயர் போட்டு இணையுங்கள். முடியாவிட்டால் கருவியிலேயே ஒரு சரிசெய்யும் பக்கம் வையுங்கள்: டிக் டிக் என்று கேட்பதற்கு ஏற்ப டீச்சர் திரையைத் தட்டினால் தாமதத்தை அளந்து படத்தை அந்த அளவு பின்னால் தள்ளலாம்.

அடுத்தது கடிகாரம். உலாவியின் சாதாரண நேரக் கட்டளையான செட் டைம்அவுட்டை நம்பித் தாளம் போடாதீர்கள். திரையில் வேறு வேலை வந்தால் அது தடுமாறும், தாளம் நொண்டும். உலாவியில் ஒலியை உண்டாக்கும் வெப் ஆடியோவுக்குத் தனிக் கடிகாரம் உண்டு. 25 மில்லி வினாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து, அடுத்த 100 மில்லி வினாடிக்குள் ஒலிக்க வேண்டியவற்றை அந்தக் கடிகாரத்தில் முன்கூட்டியே குறித்து வைப்பதுதான் வழக்கமான முறை. படத்தையும் அதே கடிகாரத்தைப் பார்த்தே நகர்த்துங்கள். பக்கம் திறந்ததும் சத்தம் வராது, உலாவி ஒரு தொடுதலுக்குக் காத்திருக்கும். அதனால் பெரிதாக ஒரு "தொடங்கு" பொத்தான் கட்டாயம்.

சுருதி. பியானோ அளவை அப்படியே எடுத்தால் அந்தர காந்தாரம் ச-விலிருந்து 400 சென்ட் (ஒரு ஸ்தாயி 1200 சென்ட்). தம்புராவோடு இசைந்து பாடினால் 5/4 விகிதம், 386 சென்ட். பதினான்கு சென்ட் வித்தியாசம் தம்புரா பின்னால் ஓடும்போது நன்றாகவே கேட்கும். ரி 16/15, க 5/4, ம 4/3, ப 3/2, த 8/5, நி 15/8 என்று வைத்துவிடுங்கள். நிரலில் ஒரே ஒரு வரி மாற்றம், காதுக்குப் பெரிய நன்மை.

கடைசியாக மைக். பிள்ளை பாடுவதைத் திரையில் கோடாகக் காட்ட வேண்டுமானால் எக்கோ கேன்சலேஷன், நாய்ஸ் சப்ரஷன், ஆட்டோ கெயின் மூன்றையும் அணைக்க வேண்டும். பேச்சுக்காகச் செய்யப்பட்டவை இவை. ஒரே சுரத்தை நீட்டிப் பாடினால் அதை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். பிள்ளை நன்றாக நிறுத்திப் பாடப் பாடக் கோடு காணாமல் போகும்! அப்புறம் சுருதி கண்டுபிடிக்கும் நிரல் சில நேரம் ஒரு ஸ்தாயி தவறிக் குதிக்கும், அதற்கு முந்தைய புள்ளியைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். வகுப்பே சேர்ந்து பாடும்போது இது வேலைக்கு ஆகாது. ஒருவர் பாடும்போது மட்டும்.

ஐந்துகட்டை

மைக் வைப்பதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கோடு காட்டுவது சரி. ஆனால் சரியாகப் பாடினால் பச்சை, தவறினால் சிவப்பு, கடைசியில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும் செயலிகளைப் பார்த்திருக்கிறேன். வகுப்பு முன்னால் அது வேண்டவே வேண்டாம். ஒன்பது வயதில் "உனக்குச் சுருதி சேரவில்லை" என்று எல்லோர் முன்னாலும் கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு வாயைத் திறக்காது. பெரியவர்களானதும் "எனக்குப் பாட வராது" என்று சொல்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள், அநேகமாக ஒரு வகுப்பறையும் ஒரு வாக்கியமும் நினைவில் இருக்கும்.

மின்னலை

டீச்சர், மதிப்பெண் வேண்டாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் ச எங்கே இருக்கிறது என்றே பிடிபடாத பிள்ளைகள் உண்டு. தன் குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே தெரியாமல் ஒரே இடத்தில் நின்று பாடுவார்கள். அவர்களுக்குத் தன் குரலே ஒரு கோடாக எழுந்து இறங்குவதைப் பார்ப்பது பெரிய திறப்பு. ஆம்புலன்ஸ் போல ஊஊ என்று ஏற்றி இறக்கி விளையாடச் சொல்லுங்கள். குரலுக்கும் உயரத்துக்கும் தொடர்பு அப்போதுதான் பிடிபடும். அந்த வாய்ப்பை எடுத்துவிடாதீர்கள்.

ஐந்துகட்டை

சரி, விளையாட்டாக இருந்தால் எனக்கும் சம்மதம். ஏணிக் கம்பிகள் இல்லாமல் வெறும் கோடு மட்டும். பிள்ளை விரும்பினால் ஏணியைத் தானே வரவழைத்துக்கொள்ளட்டும். நிறம் மாறவே கூடாது. கோட்டைச் சேமித்தும் வைக்காதீர்கள்.

நீலமணி

நிறம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், என் வேலை செயலிகளை எல்லோரும் பயன்படுத்தும்படி வடிவமைப்பது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், பெரும்பாலும் பையன்கள், ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் இருப்பார்கள். அது அவர்களுக்கே தெரிந்திருக்காது. சுரத்தை நிறத்தால் மட்டும் குறிக்காதீர்கள், எழுத்தும் இடமும் கூடவே இருக்கட்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை படிக்கிறதா என்று நீங்களே அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் வெயில் திரையில் விழும் நேரத்திலும் பாருங்கள்.

பார்வையில்லாத பிள்ளை வகுப்பில் இருந்தால் திரையால் பயனில்லை. ஆனால் அதே ஏணியை அட்டையில் கயிறு ஒட்டிச் செய்யலாம், அதே இடைவெளியில். விரலால் தடவினால் 1, 3, 1 தெரியும். காது கேளாத பிள்ளைக்கு அதிர்வு. ஸ்பீக்கரை மரப்பெஞ்சில் கவிழ்த்து வைத்து உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள், அல்லது ஊதிய பலூனை நெஞ்சோடு பிடித்துக்கொள்ளட்டும். ஸ்காட்லாந்தின் தாளக் கலைஞர் ஈவ்லின் கிளென்னி பன்னிரண்டு வயதுக்குள் செவித்திறனைப் பெரிதும் இழந்தவர். மேடையில் செருப்பில்லாமல் நின்று அதிர்வைக் காலால் வாங்கி வாசிப்பவர். போனில் அதிர்வு வசதி இருக்கிறதே, சமம் விழும் இடத்தில் அதை ஒரு துடிப்பாகக் கொடுங்கள். ஆண்ட்ராய்டு குரோமில் இதைச் செய்ய முடியும்.

தகதிமி

கயிறு ஒட்டிய அட்டை என்றதும் ஒன்று. எங்கள் வீட்டில் பல்லாங்குழி இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஏழு குழி. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ரம் சொல்லித்தர இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை. ஏழு குழியிலும் ஒரு விரலைச் சீராக நகர்த்திக்கொண்டு போக வேண்டும். புளியங்கொட்டை இருக்கும் குழியில் தட்டு, வெறும் குழியில் மௌனம். முதல் குழியிலும் நான்காவதிலும் கொட்டையை வைத்தால் தகிட தகதிமி, மூன்றும் நான்கும். நான்காவது குழிக் கொட்டையை ஒரு குழி தள்ளிவைத்தால் தகதிமி தகிட. எதிர்ப்பக்கத்து ஏழு குழியில் இன்னொரு பிள்ளை வேறு அமைப்பு வைத்து, இருவரும் சேர்ந்து வாசிக்கலாம். கணினியில் சீக்வென்சர் என்று சொல்வது இதைத்தானே.

மரப்பாச்சி, நிரல் எழுதுவதற்கு முன்னால் இதை வகுப்பில் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் கொட்டையை எப்படி நகர்த்துகிறார்கள், எங்கே குழம்புகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரையை வடிவமைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். ஐந்து எண்ணிக்கையான கண்டத்துக்கு இரண்டு குழியைக் காகிதத்தால் மூடிவிட்டால் சரி.

பனைநிழல்

பல்லாங்குழி யோசனையை நாளைக்கே வகுப்பில் செய்யப் போகிறேன். இரண்டு பிள்ளைகள் எதிரெதிரே இருந்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசிப்பார்கள் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

கருக்குமட்டை

எனக்கும். இன்னொரு பக்கமும் யோசித்தேன். பறையின் அடிகள் ஊருக்கு ஊர் வேறு. சொல்லித்தந்த பெரியவர்கள் போனதும் அவர்களோடு அடியும் போகிறது. வீடியோ எடுக்கிறார்கள், ஆனால் எந்த அடி அடிக்குச்சியில், எது சிண்டுக்குச்சியில் என்று வீடியோவில் புரிவதில்லை, வேகம் அப்படி. இரண்டு குச்சிக்கு இரண்டு வட்டம் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றாக, வேகத்தைக் குறைத்துக் கேட்கும்படி உங்கள் கருவியில் எழுதிவைக்க முடிந்தால் அது எனக்கு வேண்டும். பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பெரியவரிடம் போய்க் கேட்டு, தாங்களே பதிந்துகொண்டு வரட்டும். சொல்லித்தருவது திடலில்தான் நடக்கும். அதில் நான் மாறவில்லை.

மரப்பாச்சி

இரண்டு வட்டம் கண்டிப்பாகச் செய்யலாம் அண்ணா. தாள வட்டத்துக்கு எழுதும் அதே நிரல்தான், உள்ளே இன்னொன்று. அதை முதல் பதிப்பிலேயே சேர்க்கிறேன்.

வேலை வரிசை இப்படி. முதலில் பல்லாங்குழி, நிரல் இல்லாமல். அடுத்துத் தாள வட்டம். பிறகு உண்மையான இடைவெளியில் ஏணி, நகரும் ச. விரலால் கீறும் திரை அதற்குப் பின். மைக் கடைசியில்தான், அதுவும் கோடு மட்டும். இணையம் இல்லாத பள்ளியிலும் ஓட வேண்டும் என்பதால் ஒருமுறை திறந்தால் போனிலேயே தங்கிவிடும்படி செய்கிறேன். சத்தத்துக்கு ஒலிக்கோப்பு வைத்தால் கனமாகும், அதனால் சுரங்களை வெப் ஆடியோவிலேயே உண்டாக்கப் போகிறேன். தம்புரா மட்டும் அப்படிச் செய்தால் உயிரில்லாமல் இருக்கிறது. அதற்கு நல்ல பதிவு வேண்டும், நான்கரைக் கட்டை முதல் ஆறரைக் கட்டை வரை.

ஐந்துகட்டை

என்னிடம் தம்புரா இருக்கிறது. அரைக் கட்டைக்கு ஒன்றாக மீட்டிப் பதிந்து அனுப்புகிறேன். ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எங்கே வெட்டி ஒட்டுவீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ப ச ச ச என்ற சுற்று நடுவில் அறுந்து ஒட்டினால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும்.

மின்னலை

டீச்சர், ஒவ்வொரு சுருதிக்கும் ஒரு நிமிடம் நிற்காமல் மீட்டுங்கள், மின்விசிறியை அணைத்துவிட்டு. ப மீட்டும் இடத்திலிருந்து ப மீட்டும் இடம் வரை முழுச் சுற்றுகளாக வெட்டி, முடிவும் தொடக்கமும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று படரும்படி ஒட்டுவது என் வேலை. கோப்புகளை எனக்கு அனுப்பினால் இந்த வாரமே செய்து மரப்பாச்சியிடம் கொடுத்துவிடுகிறேன்.